சாதாரணக் கைபேசியைக் கைவிடலாகாது

வங்கிச் சேவைகள் ஒவ்வொன்றாகச் செயலிக்குள் குடிபுகும் காலம் இது. இருப்பைப் பார்ப்பது, பணம் அனுப்புவது, வைப்புக் கணக்குத் தொடங்குவது, காசோலைப் புத்தகம் கேட்பது ஆகிய அனைத்தையும் ஸ்மார்ட்போனிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று வங்கிகள் எல்லாம் அறிவிக்கின்றன. இது வரவேற்கத்தக்க மாற்றமே. கிளைக்கு வந்து போகும் செலவும், வரிசையில் நிற்கும் நேரமும் வாடிக்கையாளருக்கு மிச்சமாகின்றன. ஆயினும், "அதற்குத்தான் செயலி இருக்கிறதே" என்ற பதில், செயலியை வைத்துக்கொள்ள இயலாதவருக்குப் பதிலாகாது. பேச்சுவழக்கில் 'பட்டன் போன்' எனப்படும் சாதாரணக் கைபேசியை மட்டுமே வைத்திருப்போர் நம் வாடிக்கையாளர்களிடையே இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கான வழியைத் திறந்து வைத்திருப்பதும், அதைச் செப்பனிட்டுப் பேணுவதும் வங்கிகள் காட்டும் சலுகை அல்ல, கடமை என்பதே நம் கருத்து.

இக்கருத்து வெறும் இரக்கத்தால் எழுந்ததன்று. சிறிய திரையிலும் குறைந்த வேகத்திலும் பயனுள்ள சேவையை வழங்க முடியுமா என்ற கேள்வியை உலகம் முன்பே ஒருமுறை எதிர்கொண்டது. 1996-க்கும் 2000-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், கணினி இல்லாதவருக்கும் இணையத்தைக் கொண்டு சேர்க்கத் தொலைக்காட்சிப் பெட்டி, உள்ளங்கைக் கருவி, கைபேசி என மூன்று வழிகளிலும் முயற்சிகள் நடந்தன. சில வென்றன, சில தோற்றன. தோற்றவற்றின் தோல்விக்குத் திரையின் சிறுமையே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அந்த வரலாற்றை ஊன்றிப் பார்த்தால் காரணம் வேறு என்பது புலப்படும். வங்கிகளும் வாடிக்கையாளர்களும் அதிலிருந்து கற்க வேண்டியவை உண்டு.

ஒரே வேகம், இருவேறு முடிவு

ஐரோப்பாவில் கைபேசி இணையம் 'வாப்' என்ற பெயரில் வந்தது. எரிக்சன், மோட்டோரோலா, நோக்கியா, அன்வயர்டு பிளானட் ஆகிய நான்கு நிறுவனங்கள் 1997-இல் ஒன்றுகூடி இதற்கான பொது விதிமுறையை வகுக்கத் தொடங்கின. அவ்விதிமுறையின்படி அமைந்த நோக்கியா 7110 கைபேசி 1999-இல் விற்பனைக்கு வந்தது. இணையமே கைக்குள் வந்துவிட்டது என்ற அளவுக்கு விளம்பரங்கள் பெருகின. 2000-ஆம் ஆண்டை ஒட்டி நம் நாட்டுக் கைபேசி நிறுவனங்களும் வாப் சேவையை அறிமுகம் செய்தன.

நடைமுறையில் கிடைத்ததோ வேறு. வினாடிக்கு 9,600 பிட் என்ற வேகத்தில், தொலைபேசி அழைப்பைப் போலவே முதலில் ஓர் இணைப்பை ஏற்படுத்திய பிறகே பக்கம் வரத் தொடங்கியது. அழைப்பைப் போலவே கட்டணமும் நிமிடக் கணக்கில் ஓடியது. பக்கம் வரும்வரை காத்திருந்த நேரத்துக்கும் பணம். வந்த பக்கத்தைப் படிக்கும் நேரத்துக்கும் பணம். தவறான பக்கத்துக்குச் சென்று திரும்பும் நேரத்துக்கும் பணம். வாப் என்பதன் ஆங்கில எழுத்துகளுக்குக் 'காத்திரு, காசு கொடு' என்று பொருள்படும் கேலி விரிவாக்கம் ஒன்றும் பரவியது. பயன்பாட்டு எளிமை குறித்து ஆராயும் ஜேக்கப் நீல்சனின் நிறுவனம் 2000-இல் இலண்டனில் 20 பேரிடம் வாப் கைபேசியைக் கொடுத்து ஒரு வாரம் பயன்படுத்தச் செய்தது. இன்னும் ஓராண்டுக்குள் இதை வாங்கிப் பயன்படுத்துவீர்களா என்று கேட்டபோது, அவர்களில் 70 சதவீதத்தினர் மாட்டோம் என்றனர்.

அதே காலத்தில் ஜப்பானில் நடந்ததைப் பார்ப்போம். என்டிடி டோகோமோ நிறுவனம் 1999 பிப்ரவரி 22 அன்று 'ஐ-மோட்' என்ற சேவையைத் தொடங்கியது. பின்னாளில் நம் நாட்டில் டாட்டா குழுமத்துடன் இணைந்து 'டாட்டா டோகோமோ' என்ற பெயரில் செயல்பட்டது இந்நிறுவனம்தான். ஐ-மோட் கைபேசியின் திரையும் சிறியதே. அதன் வேகமும் தொடக்கத்தில் அதே 9,600 பிட்தான். ஆயினும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு கோடிப் பேர் அதில் சேர்ந்தனர்.

வேறுபாடு மீட்டரில் இருந்தது. ஐ-மோட்டில் கட்டணம் நேரத்துக்கு அல்ல, வந்து சேர்ந்த தகவலின் அளவுக்கு. மாதச் சந்தா 300 யென். அதற்கு மேல் 128 பைட் கொண்ட ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 0.3 யென். பத்துப் பொட்டலம் கொண்ட ஒரு பக்கத்துக்கு 3 யென் ஆகும். அதை ஒரு நிமிடத்தில் படித்தாலும் பத்து நிமிடத்தில் படித்தாலும் அதே 3 யென்தான். நிதானமாகப் படிப்பவருக்கும், வயது முதிர்ந்தவருக்கும், புதிதாகக் கற்பவருக்கும் இந்த முறை தண்டனை விதிக்கவில்லை. பிற நிறுவனங்களின் சேவைக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று முன்னரே சொல்லப்பட்ட கட்டணம் தொலைபேசிப் பில்லுடன் சேர்ந்தே வந்தது. அதை வசூலித்துத் தருவதற்கு டோகோமோ எடுத்துக்கொண்டது 9 சதவீதம் மட்டுமே.

மற்றொன்றும் இங்கே கருதத்தக்கது. இணையத்தில் உள்ள எல்லாவற்றையும் உங்கள் கைக்குள் தருகிறோம் என்று ஐ-மோட் வாக்களிக்கவில்லை. மின்னஞ்சல், செய்தி, பயணச்சீட்டு, வங்கிக் கணக்கு போன்ற அன்றாடத் தேவைகளைப் பட்டியலிட்டு, ஒரு பொத்தானை அழுத்தியதும் அப்பட்டியல் தோன்றும்படி செய்தது. தொடக்க நாளிலேயே அதில் இடம்பெற்றவற்றுள் வங்கிகளும் அடங்கும். இருப்பைப் பார்க்கவும் பணம் அனுப்பவும் பெரிய திரை தேவையில்லை என்பதை ஜப்பானிய வாடிக்கையாளர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

தொலைக்காட்சியும் உள்ளங்கைக் கருவியும்

அமெரிக்காவில் 1996-இல் வெளிவந்த 'வெப்டிவி' வேறொரு வழியைத் தேர்ந்தது. வீட்டுத் தொலைக்காட்சியுடனும் தொலைபேசி இணைப்புடனும் ஒரு சிறு பெட்டியை இணைத்தால், தொலையியக்கியைக் கொண்டே இணையப் பக்கங்களைப் பார்க்கலாம். கணினி வாங்கும் வசதியோ, அதைக் கற்கும் துணிவோ இல்லாதவர்களை மனத்தில் கொண்டு உருவான கருவி அது. மாதக் கட்டணம் ஏறத்தாழ 20 டாலர் என்று ஒரே தொகையாக இருந்தது. மறு ஆண்டே மைக்ரோசாப்ட் நிறுவனம் வெப்டிவியை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. முதியவர்கள் பலருக்கு மின்னஞ்சலின் முதல் அறிமுகம் இப்பெட்டியின் வழியாகவே கிடைத்தது.

பாம் நிறுவனம் 1999-இல் வெளியிட்ட 'பாம் ஏழு' என்ற உள்ளங்கைக் கருவியோ வசதி படைத்தோரை நோக்கியது. அதன் தொடக்க விலை 599 டாலர். மாதம் 9.99 டாலர் செலுத்தினால் 50 கிலோபைட் தகவல் கிடைக்கும்; அதற்கு மேல் ஒவ்வொரு கிலோபைட்டுக்கும் 30 சென்ட். இன்று நம் கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இரண்டு மெகாபைட் என்று கொண்டால், அந்த ஒரு படத்துக்கே நாற்பது மாத ஒதுக்கீடு கரைந்துவிடும். ஆனால் அக்கருவியை வடிவமைத்தவர்கள் ஒரு நல்ல யுக்தியைக் கையாண்டனர். பக்கத்தின் தலைப்பு, படிவம், வினாக்கள் ஆகிய மாறாத பகுதிகளைக் கருவிக்குள்ளேயே வைத்துவிட்டு, மாறும் விவரத்தை மட்டும் வானலையில் அனுப்பினர். வாடிக்கையாளருக்கு வேண்டியது அந்த ஒரு விவரம்தானே!

வங்கியாளர் நோக்கில் இவற்றை ஒப்பிட்டால் ஓர் உண்மை தெளிவாகிறது. சேவை எவ்வளவு எளியதாக இருந்தாலும், அதற்கு எவ்வளவு செலவாகும் என்பது முன்கூட்டியே தெரியாவிட்டால் மக்கள் அதைத் தொடமாட்டார்கள். கட்டணம் தெளிவாக இருந்தால், சிறிய திரையையும் பொறுத்துக்கொள்வார்கள்.

நம் நாட்டில் மீட்டர் நின்ற விதம்

இந்த உண்மையை நம் மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குச் சென்றது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதன் பின் பல ஆண்டுகள், அழைப்பவர் மட்டுமன்றி அழைப்பைப் பெறுபவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அந்நிலை 2003-இல்தான் மாறியது. மீட்டர் இருபுறமும் ஓடிய அக்காலத்தில், மணியடித்ததும் துண்டித்துவிடும் 'மிஸ்டு கால்' பழக்கம் வேரூன்றியது. 'வந்து சேர்ந்துவிட்டேன்', 'திருப்பி அழை' என்னும் செய்திகளை மக்கள் செலவின்றிப் பரிமாறிக்கொண்டனர். அந்தச் சிக்கன அறிவையே பின்னர் வங்கிகள் சேவையாக்கின. பதிவு செய்த எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்புத் தொகை குறுஞ்செய்தியாக வரும் வசதி இன்று பல வங்கிகளில் உண்டு. அதற்கு இணையமும் வேண்டாம், ஸ்மார்ட்போனும் வேண்டாம்.

*99# என்ற சேவையின் கட்டண வரலாறும் இதற்குச் சான்று. இணைய இணைப்பு இல்லாத கைபேசியிலிருந்தும் இருப்பைப் பார்க்கவும் பணம் அனுப்பவும் உதவும் இச்சேவையை இந்திய தேசியப் பணப்பட்டுவாடா கழகம் நடத்துகிறது. 2014 ஆகஸ்டில், ஜன்தன் திட்டத்தின் தொடக்கத்தோடு இது நாடு முழுவதற்குமாக முன்வைக்கப்பட்டது. இதைப் பயன்படுத்த ஒரு தொடர்புக்கு ரூ.1.50 வரை வசூலிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013-இல் உச்சவரம்பு விதித்திருந்தது. 2016-இல் அது 50 காசாகக் குறைந்தது. 2022-இல் கட்டணம் முற்றிலும் நீக்கப்பட்டது. தன் சொந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கே பணம் செலுத்தும் நிலை அன்று முடிவுக்கு வந்தது. இச்செய்தியை நாம் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை. கட்டணம் பிடிப்பார்களோ என்ற ஐயம் எஞ்சியிருக்கும்வரை, இலவசமான சேவையும் மக்கள் மனத்தில் விலையுள்ள சேவையாகவே நிற்கும்.

அதே 2022-இல், மார்ச் 8 அன்று, 'யூபிஐ 123பே' என்ற ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்தது. குரல்வழி வழிகாட்டும் எண்ணை அழைப்பது, மிஸ்டு கால் கொடுப்பது, சாதாரணக் கைபேசியிலேயே அமைந்த எளிய செயலி, ஒலியலை மூலம் கடைக்காரருக்குப் பணம் செலுத்துவது என நான்கு வழிகள் அதில் உள்ளன. எழுத்தைப் படிக்க இயலாதவருக்கும் குரல் வழிகாட்டுகிறது என்பது இதன் சிறப்பு. வழிகள் இருக்கின்றன, அவற்றை அறிந்தோர் குறைவு என்பதே நம் கவலை.

இரகசியம் எங்கே கசிகிறது?

சாதாரணக் கைபேசியின் தேவையை வலியுறுத்த நமக்குள்ள முதன்மையான காரணம் வேறொன்று. அது பணத்தின் பாதுகாப்பைப் பற்றியது.

பல குடும்பங்களில் ஸ்மார்ட்போன் ஒன்றே இருக்கிறது. அது மகனிடமோ மருமகளிடமோ பேரனிடமோ இருக்கிறது. ஓய்வூதியக் கணக்கோ தாயின் பெயரில் உள்ளது. அந்தத் தாயிடம் "செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நாம் சொன்னால், அவர் என்ன செய்வார்? தன் கணக்கை மற்றொருவரின் கைபேசியில் திறக்கச் சொல்வார். இரகசிய எண்ணையும் அவரிடமே ஒப்படைப்பார். மகன் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அந்த அம்மாளுக்கென்று இருந்த இரகசியம் அன்றோடு போய்விடுகிறது. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதை அறிய அவர் இனி ஒவ்வொரு முறையும் பிறரைக் கேட்க வேண்டும். உதவிக்குப் பிள்ளைகள் அருகில் இல்லாதபோது, அந்த எண் பக்கத்து வீட்டாரிடமும் கடைக்காரரிடமும்கூடப் போய்ச் சேரும். அவருடைய கையிலேயே இருக்கும் பட்டன் போனில் அதே பணியைச் செய்ய வழி காட்டினால், கணக்கும் இரகசியமும் உரியவரிடமே நிற்கும்.

முன்னோடிக் கருவிகளின் வரலாற்றில் இதற்கும் ஒரு பாடம் உண்டு. வெப்டிவி பெட்டியில் தகவலை மறைகுறியாக்கும் முறை மிக வலுவாக இருந்ததால், அமெரிக்க அரசு அதைப் போர்த் தளவாடங்களின் வகையில் சேர்த்து ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. வரவேற்பறையில் இருந்த ஒரு பொழுதுபோக்குப் பெட்டிக்கு அவ்வளவு காவல்! வாப் கைபேசியிலோ காவலில் ஓர் இடைவெளி இருந்தது. கைபேசியிலிருந்து தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நுழைவாயில் கணினி வரை ஒருவகை மறைகுறியாக்கம். அங்கிருந்து வங்கி வரை வேறுவகை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்தக் கணத்தில், வாடிக்கையாளரின் விவரம் நுழைவாயில் கணினியில் மறைப்பின்றி இருந்தது. வாப்பின் அடுத்த பதிப்பில் இக்குறை களையப்பட்டது.

இன்றைய செயலிகளில் அத்தகைய இடைவெளி அடைபட்டுவிட்டது. ஆனால் மோசடிக்காரர்கள் வேறோர் இடைவெளியைக் கண்டுகொண்டார்கள். கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணை வாடிக்கையாளரே வாய்விட்டுச் சொல்லும்படி செய்கிறார்கள். எந்தக் கருவியாக இருந்தாலும், இரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்லும் நிலைக்கு வாடிக்கையாளரைத் தள்ளுகிற எந்த ஏற்பாடும் பாதுகாப்பான ஏற்பாடு ஆகாது. தன்னால் இயக்க முடியாத கருவியை ஒருவர் மீது திணிப்பதும் அத்தகைய ஏற்பாடுகளுள் ஒன்றே.

எழுபது இடங்களுக்குள் தமிழ்

சாதாரணக் கைபேசிக்கு வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியும் ஒரு சிறிய திரைதான். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் அதற்குள் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 இடங்களே கிடைக்கும். அதிலும் மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஓரிடம், கொம்புக்கும் காலுக்கும் ஓரிடம் எனத் தனித்தனியே கணக்கிடப்படும். 'உங்கள் கணக்கில் ரூ.5,000 வரவு வைக்கப்பட்டது' என்ற ஒரு வாக்கியமே இடைவெளிகளையும் சேர்த்து 43 இடங்களை எடுத்துக்கொள்கிறது. கணக்கின் கடைசி இலக்கங்களுக்கும், தேதிக்கும், இருப்புக்கும் எஞ்சுவது 27 இடங்கள். அளவு மீறினால் அது இரண்டு செய்தியாகக் கணக்காகும், செலவும் இரட்டிப்பாகும். குறுஞ்செய்தி எச்சரிக்கைக்கான கட்டணத்தை உண்மையான பயன்பாட்டின் அடிப்படையில் மட்டுமே பெற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஆகவே இது வாடிக்கையாளரின் பணத்தையும் தொடும் செய்தியே.

இதைக் காரணம் காட்டித் தமிழைத் தவிர்ப்பது முறையன்று. பாம் ஏழு கருவியை வடிவமைத்தவர்களின் யுக்தியைத்தான் இங்கே நாம் பின்பற்ற வேண்டும். மாறும் விவரத்தை மட்டும் சொன்னால் போதும். 'வரவு ரூ.5,000', 'இருப்பு ரூ.12,300' என்று தொடங்கினால் படிப்பவருக்கும் உடனே புரியும், இடமும் மிஞ்சும். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்று விளிக்கும் மரியாதையைக் கடிதத்தில் காட்டலாம். குறுஞ்செய்தியில் காட்ட வேண்டிய மரியாதை, தொகையை முதலில் சொல்வதே ஆகும்.

மூடும்போது காட்ட வேண்டிய மரியாதை

எந்தக் கருவியும் என்றென்றும் நிலைப்பதில்லை. அதை மூடும் விதத்தில்தான் நிறுவனத்தின் பண்பு வெளிப்படுகிறது. வெப்டிவி பின்னர் 'எம்எஸ்என் டிவி' என்று பெயர் மாறி, 2013 செப்டம்பர் இறுதியில் நிறுத்தப்பட்டது. பயனாளர்களுக்குக் கிடைத்த முன்னறிவிப்பு சில மாதங்களே. அதுவரை வேறு கருவியைத் தொட்டறியாத முதியவர்கள் அந்தச் சில மாதங்களுக்குள் தங்கள் கடிதங்களையும் முகவரிகளையும் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஐ-மோட்டின் கதை வேறு. அதன் இறுதி நாள் 2026 மார்ச் 31 என்று டோகோமோ 2019-லேயே அறிவித்துவிட்டது. புதியவர்களைச் சேர்ப்பதை அவ்வாண்டே நிறுத்தி, ஏற்கெனவே இருப்போருக்கு ஆறு ஆண்டுக்கு மேல் அவகாசம் தந்தது. காலாவதியான ஒரு சேவையை நடத்துவது நிறுவனத்துக்குச் செலவே. ஆயினும் அவர்களை நம்பி அதற்குள் வந்த வாடிக்கையாளருக்கு அந்த அவகாசம் உரியது என்று அது கருதியது. வங்கிகள் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி இதுவே. ஒரு சேவை எண்ணை மாற்றும்போதோ, பழைய கைபேசிகளில் ஒரு செயலியை நிறுத்தும்போதோ, அவ்வறிவிப்பு செயலிக்குள் மட்டும் தோன்றினால் போதாது. அதைப் பார்க்க இயலாதவருக்குத்தான் அந்த அறிவிப்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது.

மறுப்புரைகளும் நம் விடையும்

இக்கருத்தை ஏற்காதவர்களின் வாதங்களிலும் நியாயம் உண்டு. ஸ்மார்ட்போன் விலை குறைந்து வருகிறது. இன்னும் சில ஆண்டுகளில் பட்டன் போன் மறைந்துவிடும். மறையப்போகும் ஒன்றுக்காக ஏன் செலவிட வேண்டும் என்கிறார்கள். கைபேசி மலிவானாலும், மங்கிய பார்வையும் நடுங்கும் விரலும் மலிவாக மாறிவிடுவதில்லை. ஸ்மார்ட்போன் வைத்திருப்பவருக்கும் மலைப்பகுதியிலும், ஓடும் இரயிலிலும், வெள்ளத்தால் இணையம் துண்டிக்கப்பட்ட நாளிலும் அது வெறும் சாதாரணக் கைபேசியே. அப்போது அவருக்குக் கைகொடுப்பதும் இதே எளிய வழிதான்.

*99# சேவையில் குறைகள் இருக்கின்றன என்பது இரண்டாவது வாதம். உண்மையே. எண்களை அழுத்திக்கொண்டே செல்லும்போது நேரம் கடந்தால் தொடர்பு அறுந்துவிடுகிறது. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லா நிறுவனங்களின் இணைப்பிலும் அது ஒன்றுபோல் இயங்குவதில்லை. ஒரு முறைக்கு ரூ.5,000 என்ற வரம்பும் உண்டு. ஆனால் குறை இருப்பது சேவையைத் திருத்துவதற்குக் காரணமாகலாமே அன்றி, அதை மறப்பதற்குக் காரணமாகாது. வாப் சேவையின் மீட்டரும் பாதுகாப்பு இடைவெளியும் பின்னர் திருத்தப்பட்டதால்தான் கைபேசி இணையம் இந்த அளவுக்கு வளர்ந்தது.

செயலியே கூடுதல் வசதியும் பாதுகாப்பும் உடையது என்பது மூன்றாவது வாதம். இயன்றவர்கள் செயலிக்கு மாற வேண்டும் என்பதில் நமக்கும் உடன்பாடே. மாறுவது வாடிக்கையாளரின் விருப்பமாக இருக்க வேண்டும். கணக்கு வைத்திருப்பதற்கான நிபந்தனையாக மாறிவிடக் கூடாது.

நாம் வேண்டுவது

வங்கித் துறையில் இருப்போரிடம், நம்மையும் உட்படுத்தியே, நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, எந்தப் புதிய சேவையை அறிவித்தாலும், செயலியில் செய்யும் முறைக்குப் பக்கத்திலேயே சாதாரணக் கைபேசியில் செய்யும் முறையையும் அச்சிட வேண்டும். அப்படி ஒரு முறை இல்லையென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது, கட்டணம் எவ்வளவு, அல்லது கட்டணமே இல்லை என்பதை முதல் வரியிலேயே கூற வேண்டும். மூன்றாவது, தமிழில் கேட்டவருக்குத் தமிழிலேயே குறுஞ்செய்தி போக வேண்டும். தொகை முதலில் வர வேண்டும். நான்காவது, எந்த வழியை மூடுவதானாலும் போதிய காலத்துக்கு முன்பே கிளையின் அறிவிப்புப் பலகையிலும் குறுஞ்செய்தியிலும் தெரிவிக்க வேண்டும்.

வாடிக்கையாளர்களிடமும் சில கூற விரும்புகிறோம். உங்கள் கணக்குடன் இணைந்துள்ள கைபேசி எண் உங்கள் கையில் உள்ள கைபேசியின் எண்தானா என்று கிளையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் எண்ணோ, கைவிட்ட பழைய எண்ணோ பதிவில் இருந்தால் எந்த எளிய வழியும் உங்களுக்குப் பயன்படாது. அவ்வெண்ணிலிருந்து *99# அழுத்தினால் பட்டியல் தோன்றும், தமிழிலும் பெறலாம். பணம் அனுப்புவதற்கான இரகசிய எண்ணை முதன்முறை அமைக்க டெபிட் அட்டையின் கடைசி ஆறு இலக்கங்களும் அது காலாவதியாகும் மாதமும் ஆண்டும் தேவைப்படும். ஐயம் எழுந்தால் 14431 என்ற டிஜிசாத்தி உதவி எண்ணை அழைக்கலாம். பணம் மோசடியாகப் போய்விட்டது என்று தெரிந்தால், சிறிதும் தாமதிக்காமல் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள். பிறர் செய்த மோசடியால் பணம் போய், அதில் வாடிக்கையாளரின் கவனக்குறைவு இல்லையென்றால், வங்கியின் அறிவிப்புக் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பு ஏதும் நேரக் கூடாது என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. அந்த அறிவிப்பு வந்து சேர்வதும் உங்கள் கைபேசி எண் சரியாக இருப்பதைப் பொறுத்ததே.

வீட்டில் இருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். பாட்டியின் கணக்கை உங்கள் கைபேசியில் திறந்து பார்த்துச் சொல்வது எளிது. அவருடைய கைபேசியிலேயே பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் ஆகலாம். அந்த அரை மணி நேரத்தைச் செலவிடுங்கள். எண்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழிதிக் கொடுங்கள். இரகசிய எண்ணை மட்டும் அதில் எழுதாதீர்கள். தன் பணம் எவ்வளவு என்பதை எவரையும் கேட்காமல் தானே அறிந்துகொள்வது அவருடைய உரிமை.